நாலாவது இடுப்புத்துண்டு

வாசலில் நின்றவர்களை நஸிபா ஜன்னல் வழியாக மறுபடி எண்ணினாள். அண்ணன்கள் இரண்டு பேர், சித்தப்பா ஒருவர். மூவரும் அங்கிமேல் துண்டைக் கட்டிக்கொண்டு, வருகிறவர்களின் கைகளைப் பிடித்து அழுதார்கள். சாவு வீட்டில் ரத்த சொந்தம்தான் இடுப்பில் துண்டு கட்டும். ஆனால் நாலாவதாக ஒரு கிழவனும் கட்டிக்கொண்டு நின்றான். அவர்கள் ஊரான மர்கிலானில் அவனை அவள் பார்த்ததே இல்லை.

"யாரும்மா அந்த ஆளு?"

அம்மா கருநீல முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "டீ ஆறிப்போவுது பாரு."

இறந்துபோன அப்பா ஸஃப்தார் கவிஞர். எட்டு வருஷம் வடக்கே பனிக்காட்டு முகாமில் கிடந்துவிட்டு வந்தவர். வந்தபின் அரசாங்கம் எழுதச் சொன்ன பருத்தியைப் பற்றித் தவிர ஒரு வரி எழுதவில்லை. அவரை உள்ளே தள்ளிய கவிதைகள் இருந்த நோட்டை, சோதனைக்குப் பயந்து அம்மாவே ரொட்டி அடுப்பில் போட்டுவிட்டாள். ஒன்றாவது மிஞ்சியிருக்காதா என்று நஸிபா தேடாத இடமில்லை. அம்மாவிடம் கேட்டால், "எனக்கென்னடி தெரியும்" என்பதோடு சரி.

அதனால்தான் இந்தக் கிழவன்மேல் அவளுக்குச் சந்தேகம். காகிதம் ஏதாவது கிடக்கிறதா என்று மோப்பம் பிடிக்கப் போலீஸ் அனுப்பிய ஆளோ?

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் அவன் போகவில்லை. முற்றத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். நஸிபா டீக்கிண்ணத்தை அவன் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"பெரியவரே, நீங்க எங்களுக்கு என்ன உறவு?"

"உறவு இல்லம்மா. துண்டு கட்டாம நின்னா யாருன்னு கேப்பாங்க. சொல்றதுக்கு எனக்கு வாயில்ல."

"இப்ப நான் கேக்கறேன்."

கிழவன் கிண்ணத்தைத் தொடவில்லை. "எம்பேரு மிர்ஹாலித். உங்கப்பா டீக்கடையில கவிதை சொல்லுவாரு. நான் கேட்டுட்டுப் போயி போலீசுக்கு எழுதிக் குடுப்பேன்."

நஸிபா அண்ணனைக் கூப்பிட வாயெடுத்தாள்.

"பதினோரு கவிதைம்மா," என்றான் அவன். "வார்த்தை தப்பாம எழுதணும்னு உத்தரவு. அப்படியே மனசுல நின்னுபோச்சு."

"நீங்களா இட்டுக்கட்டினத எங்கப்பா தலையில கட்டப் பாக்கறீங்களா? என்னைப் பாத்தா இளிச்சவாயா தெரியுதா?"

"நம்ப வேணாம். எழுதி மட்டும் வச்சுக்க."

அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் உள்ளே போய்ப் பென்சிலும் நோட்டும் எடுத்து வந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எங்கள் தெரு மல்பெரி மரங்களை எண்ணிப் போனார்கள்,
இலை ஒவ்வொன்றுக்கும் பெயர் குறித்துக்கொண்டு..."

அங்கேயே தடுமாறி நின்றுவிட்டான். "அடுத்தது... அடுத்தது..."

நஸிபா பென்சிலைக் கீழே வைத்தாள். "தெரியும். இங்கதான் மாட்டிக்குவீங்கன்னு தெரியும்."

உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நிழலை மட்டும் எண்ண மறந்தார்கள்;
அதில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்."

நஸிபா திரும்பிப் பார்த்தாள். திரை அசையவில்லை. கிழவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எல்லாத்தையும் சொல்றேன், எழுதிக்க," என்றாள் அம்மா. "அதுக்கு முன்னால வாசக்கதவச் சாத்திட்டு வா."

சாவு வீட்டின் கதவை மூன்று நாளைக்குச் சாத்தக் கூடாது. நஸிபா போய்ச் சாத்தினாள்.