நான்கு மாடி ஏறி எரித்த மது

முப்பத்தேழு வருடம் துணி ஆலையில் பாய்லர் ஓட்டியவன் நான். என் கை பட்டால்தான் அந்த பாய்லர் பற்றும் என்பது ஊரறிந்த விஷயம். ஊருக்குச் சொன்னவனும் நானே. நான் ஓய்வு பெற்ற பிறகும் ஆலை எப்படி ஓடுகிறது என்பது எனக்கு இன்றுவரை தீராத ஆச்சரியம். அதனால்தான், வருடாந்தரப் பராமரிப்பு முடிந்து பாய்லரை மறுபடி மூட்டும் நாளில், "நீங்க வந்து உங்க கையால மூட்டணும்ண்ணே" என்று இப்போதைய ஆபரேட்டர் போனில் கூப்பிட்டபோது நான் அசரவில்லை. நாலு வருடம் தாமதமாகக் கூப்பிடுகிறான் என்று மட்டும் தோன்றியது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மூட்டுவதாக ஏற்பாடு. அன்றைக்கென்று பார்த்து மச்சான் வீட்டில் மதிய விருந்து. மச்சான் வெளிநாட்டிலிருந்து ஒரு பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி வந்திருந்தார். மூன்றே கிளாஸ்தான். மச்சானுக்குத் தாராளமான கை என்பது தனி விஷயம்.

இரண்டு மணிக்கு வீடு திரும்பினோம். என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். அரை ஊரின் ரத்தத்தை அவள் ஊசியால் உறிஞ்சியிருக்கிறாள். என் ரத்தத்தை ஊசி இல்லாமலே.

"ஏங்க, ஆலை கேட்ல குடிச்சிருக்கமான்னு மெஷின்ல ஊத வைப்பாங்களே. இந்த வாயோட எப்படிப் போவீங்க?"

"எரிச்சிட்டுப் போவேன்."

"என்னத்த?"

"உள்ள போனத. சாராயம்ங்கறது எரிபொருள்தான? கிராமுக்கு ஏழு கலோரி. சர்க்கரை வெறும் நாலு. பாய்லர்ல எரிபொருள் ஜாஸ்தியாப் போச்சுன்னா லோடு ஏத்துவோம். நாலு மாடி பத்துத் தடவ ஏறி இறங்கினா எல்லாம் புகையாப் போயிடும்."

"மூச்சுதான் போகும். அத எரிக்க கால் சதைக்குத் தெரியாதுங்க. கிட்டத்தட்ட எல்லாத்தையும் ஈரல்தான் பாக்கணும். அது கவர்மென்ட் ஆபீஸ் கவுன்ட்டர் மாதிரி. மணிக்கு ஒரு ஃபைல். வெளிய நின்னு நீங்க குட்டிக்கரணம் போட்டாலும் ஒரு ஃபைல்தான்."

முப்பத்தேழு வருடம் நெருப்போடு குடித்தனம் நடத்தியவனிடம் எரிப்பதைப் பற்றி ஊசிக்காரி பேசுகிறாள்! படிக்கட்டுக்குப் போய்விட்டேன்.

பன்னிரண்டு தடவை ஏறி இறங்கினேன். வெளியே இருபது என்று சொல்லி வருகிறேன். இதைப் படிப்பவர்கள் காட்டிக்கொடுக்க வேண்டாம். ஆறாவது தடவை இரண்டாம் மாடி டீச்சர் கதவைத் திறந்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா சார்?" என்று பதறினார். "பாய்லருக்கு" என்று சொல்லிவிட்டு ஏறினேன். சட்டையைப் பிழிந்திருந்தால் ஒரு தோட்டம் நனைந்திருக்கும். அப்புறம் பச்சைத் தண்ணீரில் குளியல். சர்க்கரை போடாத காப்பி இரண்டு டம்ளர். தலை கிறுகிறுவென்று சுற்றியது. மது வெளியேறுகிற அறிகுறி என்று மகிழ்ந்தேன்.

மனைவி ரொட்டியும் ஜாமும் கொண்டுவந்து வைத்தாள். "விருந்துல சாப்பாட்ட எங்க தொட்டீங்க? ஈரல் அந்தச் சனியனோட மல்லுக்கட்டிட்டு இருக்கு. உங்களுக்குச் சர்க்கரை அனுப்ப அதுக்கு நேரமில்ல. தின்னுட்டுக் கிளம்புங்க. வண்டிய நான்தான் ஓட்டுவேன்."

நாலரைக்கு ஆலை வாசல். அங்கே இருந்த காவலாளியை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் பாய்லரில் உதவியாளாக இருந்த காலத்தில், பீர் வாடை அடிக்கிறது என்று ஒருநாள் வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். ஊதாமல் எவனும் உள்ளே போகக் கூடாது என்று நிர்வாகத்தைக் குடைந்து விதி போட வைத்தவனும் நான்தான். என் கையெழுத்தோடு அந்த அறிவிப்பு இன்னும் சுவரில் கண்ணாடிக்குள் தொங்குகிறது.

"வாங்க சார்! நீங்க விருந்தாளி, உங்களுக்கெல்லாம் எதுக்கு? உள்ள போங்க."

புத்தியுள்ளவன் போயிருப்பான். நான் மாடி ஏறியவன்.

"விதின்னா எல்லாருக்கும்தான். குடுப்பா மெஷின."

"ஊதுங்க, ஊதுங்க, எனக்கும் பாக்கணும்" என்றாள் மனைவி.

ஊதினேன். அது அலறிய அலறலுக்கு எங்கள் பாய்லரின் சேஃப்டி வால்வு தாலாட்டு. காவலாளியின் முகத்தில் பல வருடத்து மகிழ்ச்சி ஒரே நேரத்தில் வந்து இறங்கியது.

"நீங்கதான சார் சொன்னீங்க, சிவப்பு வந்தா அப்பனா இருந்தாலும் பெஞ்சுல உக்கார வைன்னு?"

உட்கார்ந்தேன். கால் மணி கழித்து ஊதினேன். எண் துளியூண்டு இறங்கியிருந்தது. பெஞ்சைச் சுற்றி ஓடிவிட்டு மறுபடி ஊதினேன். அதே துளியூண்டுதான். பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப் அப்படித்தான். திட்டினாலும் உதைத்தாலும் ஒரு தள்ளலுக்கு இவ்வளவு என்று அளந்துதான் தள்ளும். அதோடு பாதி ஆயுளைக் கழித்தவன், என் வயிற்றுக்குள் இருப்பது பம்ப் என்று தெரியாமல் உலை என்று நினைத்துப் படியேறியிருக்கிறேன்.

ஐந்தாகப் போகிறது. ஆபரேட்டர் போனில் வந்தான்.

"அண்ணே, கேட்ல என்னமோ..."

"அத விடு. நான் இல்லாம அது பத்தாது. சொல்றத அப்படியே செய். இடது கதவ ரெண்டு தட்டு. எண்ணெய் வால்வ மூணு தடவ திறந்து மூடு. அப்புறம்..."

"அண்ணே, அந்த பர்னரத் தூக்கிப் போட்டு மூணு வருஷம் ஆச்சு. இப்ப பட்டன்தான்."

"அப்ப என்ன எதுக்குடா கூப்பிட்ட?"

"போட்டோவுக்குண்ணே. பழைய ஆளுங்க கை வச்ச மாதிரி ஒண்ணு எடுக்கலாம்னு மேனேஜர் சொன்னாரு."

புகைபோக்கியிலிருந்து முதல் புகை எழுந்தது. முதல் தடவையிலேயே, தட்டாமல், உதைக்காமல். துரோகி.

ஐந்தரைக்கு மொத்தக் கூட்டமும் வாசலுக்கே வந்துவிட்டது. உள்ளே வர முடியாதவரைத் தேடி போட்டோ வந்தது. எல்லோரும் பின்னால் நின்றார்கள். காவலாளி மெஷினைப் பதக்கம் மாதிரி நெஞ்சில் பிடித்துக்கொண்டான். மெஷின் பச்சை காட்டியபோது மணி எட்டரை. "கடைசி ஃபைலும் முடிஞ்சுது" என்று மனைவி வண்டியைக் கிளப்பினாள்.

அந்தப் படம் இப்போது பாய்லர் அறையில் மாட்டியிருக்கிறது. நடுவில் பெஞ்சில் நான். என் தலைக்கு நேர் மேலே, என் கையெழுத்தோடு அந்த அறிவிப்பு. எல்லோரும் நிற்க நான் மட்டும் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்பவர்களிடம், மூத்தவர் என்ற மரியாதையில் உட்கார வைத்தார்கள் என்று சொல்லி வருகிறேன்.