உருளையா ரம்பமா

பருத்திக்காட்டில் கிழக்கு வெளுக்கும்போது முதலில் தெரிவது வெடித்த காயின் வெள்ளைதான். செடி பிறகு தெரியும்; பறிக்கிற கை அதற்கும் பிறகு. அந்த நேரத்தில் பறித்தால்தான் உண்டு. வெயில் ஏறிவிட்டால் இலைச்சருகு தொட்டதும் தூளாகிப் பஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் பிரிக்க முடியாது.

பெரியவள் மூன்று விரலால் பறித்துக்கொண்டிருந்தாள். காய்ந்த ஓட்டின் முனைகள் நாலும் ஊசி. நான்காவது விரலை உள்ளே விட்டால் நகக்கண் கிழியும். கிழிந்தால் வலிக்காக யாரும் நிற்பதில்லை. ரத்தம் பஞ்சில் பட்டுவிடக் கூடாதே என்று நிற்பார்கள். விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு அடுத்த காய்க்குப் போவார்கள். தலையில் ஒரு முடி வெளியே தெரியாமல் துணி கட்டியிருந்தாள். இடுப்பில் நூல்துணி மடி. இது நீள இழைப் பருத்தி. பெரிய மில்காரர்கள் இதைக் கொண்டுதான் கண்ணாடி மாதிரி வழுவழுப்பான சட்டைத்துணி நெய்கிறார்களாம். முடி ஆகாது, கறை ஆகாது, பிளாஸ்டிக் சாக்கு ஆகவே ஆகாது.

பக்கத்துக் காட்டில் பறித்துக்கொண்டிருந்த சின்னவள், அதாவது கொழுந்தனின் மனைவி, இதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள். இந்தப் பருத்தியைத் தாங்குகிற தாங்கலில் கால்வாசி தாங்கியிருந்தால் தன் புருஷன் தன்னைத் தெய்வமாகக் கும்பிட்டிருப்பான் என்பாள். அவள் வாய்க்கு அந்தக் காட்டில் தப்பித்தவர் யாருமில்லை.

வரப்பில் பெரியவளின் வீட்டுக்காரர் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு விலைச்செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். நீள இழைப் பருத்திக்கு வரத்துப் போதவில்லை, மில்களின் தேவை கூடியிருக்கிறது, விலை உறுதியாக நிற்கிறது என்று ஒரு பெண்குரல் படித்தது. அவர் சத்தத்தைக் கூட்டி வைத்தார். இரண்டு காட்டுக்கும் கேட்கட்டும் என்று.

பெரியவளுக்கு அந்தக் குரலைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. போன மாதம் நிலத்துக்காரர் இதே வரப்பில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நீள இழை விலைக்குப் போனால் அடுத்த குத்தகை அவர்களுக்கே. இந்த வருஷமும் சாதாப் பருத்தி விலைதான் என்றால் காடு செங்கல் சூளைக்காரனுக்கு. சூளைக்காரன் வந்து மண்ணைப் பிசைந்து பார்த்துவிட்டும் போய்விட்டான். பதினோரு வருஷம் சருகும் சாணமும் போட்டுப் பதப்படுத்திய மண். தோண்டிச் சுட்டுவிட்டால் யார் குத்தகைக்கு எடுத்தாலும் அது காடில்லை, குழி.

அது நாலாவது பறிப்பு. பாதி வரிசையில் அவள் மடி கிழிந்தது. பறித்ததெல்லாம் சரியப்போனது. வெள்ளை நூலும் ஊசியும் வீட்டில். போய் வருவதற்குள் வெயில் வந்துவிடும். வரப்பில் காலி உரச்சாக்கு ஒன்று கிடந்தது. அதிலிருந்து நீலநிற இழை ஒன்றை உருவி, கிழிசலைச் சுருட்டி இறுக்கிக் கட்டினாள். இன்று ஒரு நாள்தானே என்று நினைத்தாள். இருபது வருஷமாகப் பருத்தி பறிக்கிறவள். உரச்சாக்கு இழை வெயிலில் கிடந்து மக்கியிருக்கும், குனிந்து நிமிர்ந்தால் நார்நாராக உதிரும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் கட்டினாள். அவசரம்.

மூன்று நாள் உலர்த்தியபின், கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரிக்கிற ஜின்னிங் மில்லுக்குப் பருத்தி போனது. அந்தச் சுற்றுவட்டத்தில் நீள இழை வாங்குகிற மில் அது ஒன்றுதான். பதினாறு குடும்பம், பதினாறு குவியல் துணிமூட்டை. கொட்டகைக்குள் வலப்பக்கம் உருளை மிஷின்கள், இடப்பக்கம் ரம்ப மிஷின். கூரையெல்லாம் பஞ்சுத்தூசி, ஒட்டடையோடு ஒட்டடையாக.

மில் முதலாளி ஒரு கொட்டையை எடுத்து, அதில் ஒட்டியிருந்த பஞ்சை வகிடு எடுப்பதுபோல இரண்டு பக்கமும் சீவி, விரல்நுனியில் அளந்தார். முகத்தைச் சுளித்தார். வெளிநாட்டுப் பஞ்சுக்கு இறக்குமதி வரியை எடுத்துவிட்டார்களாம், துறைமுகத்தில் கப்பல் நிற்கிறதாம், நூல் மில்காரர்கள் நம் பஞ்சைச் சீண்டுவதில்லையாம். அதோடு இந்த வருஷம் இழையும் குட்டையாம். பெரியவளின் வீட்டுக்காரர் காலைச் செய்தியில் வேறு மாதிரி சொன்னார்களே என்று மெல்ல இழுத்தார். அப்படியானால் செய்தி வாசிக்கிற அம்மாவிடமே கொண்டுபோய் விற்கும்படி முதலாளி சொன்னார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள்.

அப்புறம் பெரியவளின் மூட்டைக்குள் கையை விட்டார். வெளியே வந்த கையில் நகநீளத்துக்கு ஒரு நீல நார். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், திருடனைப் பிடித்த மாதிரி.

“இது துணியில போச்சுன்னா சாயம் ஏறாது. ஒரு சுருள் துணி முழுக்க நீலக்கோடு. என்னை மில்காரன் செருப்பால அடிப்பான். இது யாரோ ஒருத்தர் வேலையில்ல, உங்க எல்லார் பழக்கமும் இதுதான். மொத்தமும் சாதாப் பருத்தி. சாதா விலை.”

 மில் முற்றத்தில் நின்ற பதினாறு குடும்பமும் ஒருவர் மூட்டையை ஒருவர் பார்த்தது. பெரியவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. மடி கிழிந்ததையும் உரச்சாக்கு இழையால் கட்டியதையும் சொன்னாள்.

“தப்பு என்னுது முதலாளி. என் மூட்டைக்குக் கொறைச்சுக்குங்க. மத்தவங்க மூட்டைய அவுத்துப் பாருங்க. ஒரு நார் இருந்தா கேளுங்க.”

“ஒருத்தி ஒத்துக்கிட்டா, மத்தவங்க ஒத்துக்கல. அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார் முதலாளி. மத்தியானத்துக்குள் முடிவு சொல்லச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பிறகு அந்த முற்றத்தில் பெரியவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஒருவர் கையைக்கூட ஓங்கிவிட்டார். ஒரு வருஷத்து உழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டவள் என்றார்கள். சூளைக்காரனிடம் காசு வாங்கினாயா என்றுகூட ஒருவர் கேட்டார். கேட்டவரின் காடும் அதே நிலத்துக்காரருடையதுதான். வீட்டுக்காரர் மூட்டைமேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று பெரியவளுக்கு இருந்தது. எல்லோரையும்விட அதிகம் பேசக்கூடிய சின்னவள் மட்டும் பேசவில்லை. அதுதான் சுட்டது.

குழாயடியில் முகத்தைக் கழுவப் போனாள். உருளை மிஷினில் வேலை செய்கிறவர் அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். புருவத்திலும் காதுமடலிலும் பஞ்சு. இருமிவிட்டுப் பேசினார், பேசிவிட்டு இருமினார்.

“போன வருஷம் உங்ககிட்ட சாதான்னு வாங்கினதை எதுல அரைச்சோம் தெரியுமா?”

அவளுக்கு எப்படித் தெரியும்.

“உருளைலதான். மூணு ஷிப்ட். இந்த வருஷமும் உருளைக்கெல்லாம் புதுத் தோல் மாட்டியாச்சு, போன வாரமே. எங்களுக்கு மட்டும் ஷிப்ட்டுக்கு ஒரு ஆளைக் கொறைச்சுட்டாரு. பருத்தி நஷ்டமாம்.” வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

பெரியவள் குழாயை மூடாமல் நின்றாள். உருளை என்பது தோல் சுற்றிய மரக்கட்டை. இழையைத் தலைசீவுகிற மாதிரி மெதுவாக இழுத்துக் கொட்டையைக் கழற்றும். வேலை மந்தம், செலவு அதிகம். நீள இழைக்கு மட்டும்தான் அதில் போட்டுக் கட்டுப்படியாகும். சாதாப் பருத்தி என்றால் ரம்பம். வட்ட ரம்பங்கள் வரிசையாகச் சுற்றிப் பிய்த்தெறியும். நீள இழையை அதில் போட்டால் துண்டுதுண்டாக அறுந்து, அப்புறம் அது தலையணைக்குத்தான்.

அவள் திரும்பி வந்து தன் மூட்டைகளில் பெரியதைத் தலைக்கு ஏற்றினாள். எங்கே போகிறாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். வாங்க என்றாள். கொட்டகைக்குள் இடப்பக்கம் போய் ரம்ப மிஷினின் வாயருகே மூட்டையை இறக்கி முடிச்சை அவிழ்த்தாள். முற்றத்திலிருந்தவர்கள் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பின்னால் வந்தார்கள். சத்தம் கேட்டு முதலாளியும் வந்தார்.

“என்னம்மா பண்றே?”

“இது சாதாப் பருத்திதானே முதலாளி?”

“எத்தனை தடவை சொல்றது?”

“அப்ப ரம்பத்துல போடச் சொல்லுங்க. நாங்க நின்னு பாத்துட்டுப் போறோம்.”

முதலாளி சிரித்தார். “விக்கிறது உன் வேலை. அரைக்கிறது என் வேலை.”

“நான் இன்னும் விக்கலையே. கூலிக்கு அரைச்சுக் குடுங்க. கூலி என்னன்னு சொல்லுங்க, தரேன்.”

வீட்டுக்காரர் அவள் முந்தானையைப் பிடித்தார். அறுந்துவிட்டால் அறுந்ததுதான், திரும்ப ஒட்டாது என்று காதோரம் கெஞ்சினார். அது அவளுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். அந்த மூட்டையில் ஒரு முழுப் பறிப்பு இருந்தது, இரண்டு பேரின் இடுப்பு இருந்தது, காடு இருந்தது.  ஆனாலும் இரண்டு அணைப்புப் பருத்தியை அள்ளி மிஷினின் வாயில் போட்டாள். பிறகு இன்னும் இரண்டு.

உருளைக்காரர் எப்போது அந்தப் பக்கம் வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. சுவிட்சுப் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

“போடட்டுங்களா முதலாளி?”

“நிறுத்து” என்று கத்தினார் முதலாளி. ஓடாத மிஷினை நிறுத்தச் சொன்னார்.

 வலப்பக்கத்து உருளைகளின் அருகில் நின்ற பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியின் கழுத்து சிவந்திருந்தது.

“ஏன் முதலாளி?” என்று கேட்டது பெரியவள் இல்லை, சின்னவள். “சாதாப் பருத்திதானே, போனாப் போகுது.”

முதலாளி கேட்டைக் காட்டினார். எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போகலாம் என்றார். மற்ற ஊர் மில்களுக்கும் இப்போதே போன் போகும் என்றார். நீல நார் விழுந்த பருத்தி என்று சொன்னால் தொடுவாரில்லை. மழைக்காலம் வருகிறது, நனைந்த பிறகு இதே வாசலில் வந்து நிற்கும்போது சாதா விலையும் கிடைக்காது. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். உயர்த்தத் தேவையில்லை, எல்லாம் நடக்கக்கூடியதுதான்.

கேட்டுக்கு வெளியே வண்டிகள் நிற்கிற தகரக்கொட்டகையில் பதினாறு குடும்பமும் உட்கார்ந்தது. ஜெயித்த மாதிரி யாருக்கும் தோன்றவில்லை. மேற்கே மேகம் கட்டியிருந்தது. ஆளாளுக்கு ஒரு கணக்கு மனசில் ஓடியது: எத்தனை நாள் தாங்கும், யாரிடம் கேட்கலாம், நிலத்துக்காரர் காதுக்கு எப்போது போகும். பெரியவள் தன் மூட்டைகளோடு தனியாக ஓர் ஓரத்தில் இருந்தாள்.

மில் கணக்குப்பிள்ளை வந்தார். யாரையும் கூட்டமாகப் பார்க்காமல் ஒவ்வொருவரிடமாகக் குனிந்து காதில் பேசினார். சாதா விலைக்குமேல் கொஞ்சம் போட்டுத் தருவார்களாம். அந்தப் பொம்பளையோடு சேராமல் பின்வாசலில் கொண்டுவந்து இறக்கினால் போதுமாம். மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் எழுந்து மூட்டைமுடிச்சைச் சரிபார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு நிற்கிற பெண் இருந்தாள்.

அப்போது சின்னவள் எழுந்தாள். கொட்டகையின் நடுவில் சிமெண்டுத் தரையைத் தன் சேலைத் தலைப்பால் பெருக்கினாள். தன் மூட்டையை இழுத்துவந்து அவிழ்த்துக் கவிழ்த்தாள். அடுத்ததையும் கவிழ்த்தாள். அவள் புருஷன் பதறி எழுந்தான். பதறாமல் அந்தப் பக்கத்து மூட்டையைத் தூக்கச் சொன்னாள்.

“தனித்தனியா இருந்தாத்தானே தனித்தனியா வந்து காதைக் கடிக்கிறான். எல்லாத்தையும் கொட்டுங்க. நம்ம எடை நம்ம துண்டுச்சீட்டுல இருக்கு, வரும்போதே போட்டாச்சு. அப்புறம் எவன் எதைப் பிரிப்பான், பாக்கலாம்.”

 பெரியவள்மேல் கை ஓங்கியவர்தான் முதலில் கொட்டினார். அவருக்குப் பின் ஒருவர். குவியல் முழங்கால் உயரம் வந்தது, இடுப்பு உயரம் வந்தது. எழுந்து நின்றிருந்தவர் தன் முடிச்சைப் பிடித்தபடி குவியலையே பார்த்தார். மகளின் முகம் வந்ததோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டு அவரும் கொட்டினார்.

பெரியவள் மட்டும் தன் மூட்டைமேல் கையை வைத்துக்கொண்டு, என்னுடையது வேண்டாம் என்றாள். சின்னவள் அவள் எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏங்க்கா, கிழிஞ்சப்ப ஒரு குரல் குடுத்திருந்தா என் தலைத்துணிய அவுத்துத் தந்திருப்பேன்ல? அடுத்த காடுதானே. அவ்வளவு ரோசம்.”

“உன் வாய்க்குப் பயந்துதான்டி.”

“வாய் இருக்கறதாலதான் இன்னைக்கு அந்தாளைக் கேட்டேன்.” சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள். “நாலாவது பறிப்பு எது? அதை மட்டும் பாத்தாப் போதும்.”

ஐந்தாறு பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். பிடிபிடியாக எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பார்த்தார்கள். ஏழு நார் கிடைத்தது. எட்டாவது இருக்கிறதா என்று மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்கள். அந்தப் பொழுதில்தான் என்ன கேட்பது என்பதும் முடிவானது. இரண்டு தரப்பும் பார்க்க மாதிரி எடுத்துச் சீல் வைக்க வேண்டும். இழையை மிஷினில் அளக்க வேண்டும், முதலாளியின் விரலில் அல்ல. அதுவரை இந்தக் கொட்டகையைவிட்டு ஒரு பிடிப் பருத்தி நகராது. பிறகு பெரியவளின் பருத்தியும் குவியலில் போய் விழுந்தது.

கணக்குப்பிள்ளை மறுபடி வந்தார். கல்யாணப் பெண்ணின் அப்பாவிடம் குனிந்து, முதலாளி இன்னும் கொஞ்சம் கூட்டித் தரச் சொன்னதாகவும் அவருடைய பருத்தியை மட்டும் எடுத்து வைக்கும்படியும் சொன்னார். அந்த அப்பா, தலைக்குமேல் வளர்ந்துவிட்ட குவியலைக் காட்டினார்.

“தாராளமா எடுத்துக்குங்க. எது என்னுதுன்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்க.”

கொட்டகையில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. பெரிய சிரிப்பு இல்லை. பசித்த வயிற்றில் எவ்வளவு வருமோ அவ்வளவு.

மேகம் இன்னும் அங்கேயேதான் இருந்தது. காடு இன்னும் நிலத்துக்காரர் கையில்தான். ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியது. வெளியே வந்த தொழிலாளிகள் வழக்கம்போல வீட்டுப்பக்கம் திரும்பாமல் கேட்டருகே தயங்கி நின்றார்கள். உருளைக்காரர் கொட்டகைக்குள் வந்து குவியலைச் சுற்றிப் பார்த்தார். தகரத்தில் ஓர் ஓட்டையைக் கண்டு, அதற்கு நேர் கீழே பருத்தி வராமல் காலால் ஒதுக்கினார். நாளைக்கு வெளியூர்ப் பருத்தி லாரியில் வருகிறதாம். தாங்கள் இருபத்திரண்டு பேர் பேசிக்கொண்டார்களாம். இந்த இழையை அளக்கும்வரை அதை உருளையில் ஏற்றப்போவதில்லையாம். குறைத்த ஆட்களைத் திரும்ப எடுக்கும்வரையும் என்று பின்னால் நின்ற ஒரு பெண் திருத்தினாள். அவர் ஒத்துக்கொண்டார். பிறகு இருமி முடித்துவிட்டு, பெரியவளைப் பார்த்துச் சொன்னார்.

“கொஞ்சம் தள்ளி உட்காருங்கம்மா. நாங்களும் வரோம்.”

அவள் தள்ளி உட்கார்ந்தாள். அவளுக்கு அடுத்திருந்தவர்களும் தள்ளினார்கள்.