மாமா சொல்லி அனுப்பியது

பல்கலைக்கழகத்து விசா ஆலோசகப் பெண் தேநீர் வேண்டுமா என்று கேட்டபோதே தர்மிகாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. விசா பார்க்கிற இடத்தில் எவள் சும்மா தேநீர் தருவாள்?

"வருத்தம், உடம்புக்கு ஏலாது எண்டு மட்டும் வாய் திறந்திடாதை. எழுதி வச்சு ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்," என்று காலையில் பிளேஸ்டோவில் தன் வீட்டில் வைத்து மாமா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அகதியாக வந்து எத்தனையோ விசாரணைகளைக் கண்டவர் அவர்.

"இரண்டு பாடங்களில் பின்தங்கிவிட்டீர்கள். உடம்புக்கு ஏதாவதா?" அந்தப் பெண் கனிவாகக் கேட்டாள். அந்தக் கனிவுதான் கண்ணி.

"இல்லை, நல்ல சுகம்." தர்மிகா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தாள். சிறுநீரகக் கோளாறு பற்றிய ஆஸ்பத்திரிக் கடிதம் அதற்குள் இருந்தது.

எடுத்து வைத்திருந்த படிவத்தை அந்தப் பெண் இழுப்பறைக்குள் திரும்பப் போட்டாள். "டாக்டர் கடிதம் இருந்தால் விசாவுக்குப் பாதகமில்லாமல் அந்த இரண்டு பாடங்களையும் இந்தப் படிப்புத் தவணையில் குறைத்திருப்பேன். வேறு காரணத்துக்கு எங்கள் விதியில் இடமில்லை."

இதுவும் பொறிதான். தர்மிகா நன்றி சொல்லி எழுந்தாள்.

வாசலைத் தாண்டியதும் மாமாவின் அழைப்பு வந்தது. "ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை மாமா, ஒரு சொல்லும் சொல்லேல்லை."

"கெட்டிக்காரி," என்றார் மாமா.