மூன்றாம் தளத்தில் டிஃபென்ஸ்

எங்கள் அணி ஜெயித்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதற்கான காரணத்தை மற்ற ரசிகர்களிடம் சொன்னால் என் கழுத்திலிருக்கும் அணித் துண்டைப் பிடுங்கிக்கொண்டு துரத்திவிடுவார்கள்.

தோற்கிற நாளில் பாதிக் கூட்டம் ஆட்டம் முடியுமுன்பே முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போய்விடும். மைதானத்தை ஒட்டிய கார் நிறுத்தும் கட்டடம் காலியாகிவிடும், வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஜெயித்த நாளில் அப்படி இல்லை. கடைசி விசிலுக்குப் பிறகும் நின்று கைதட்டி, தொண்டை கட்டக் கத்தி, பிறகு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வண்டியைக் கிளப்புவார்கள். எல்லாத் தளமும் அடைத்துக்கொள்ளும். நாங்கள் நிறுத்துவது மொட்டைமாடியில். அங்கிருந்து ஊர்ந்து ஊர்ந்து கீழே வருவதற்குள் ஆற அமரப் பேசலாம்.

ஆக, நான் வேண்டிக்கொள்வது புள்ளிகளுக்காக அல்ல, நெரிசலுக்காக.

நாங்கள் என்றால் நானும் மைத்துனனும். மைத்துனன் என்றால் என்னை விட்டுப் போன மனைவியின் தம்பி. விவாகரத்தின்போது வீடு அவளுக்கு, வாஷிங் மெஷின் எனக்கு, நல்ல நாற்காலிகள் அவளுக்கு, கால் ஆடுகிற நாற்காலி எனக்கு என்று இரண்டு வக்கீல்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். மைத்துனனை மட்டும் யார் பெயருக்கும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். அந்தச் சந்தில் நான் அவனை எடுத்துக்கொண்டேன். அவன் இன்னும் என்னை மாமா என்கிறான், நான் அவனை மாப்ள என்கிறேன். சட்டத்துக்கு இதில் ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை.

எனக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. மனிதர்களோடு நான் நன்றாகப் பேசுவது அவர்கள் உள்ளே மாட்டிக்கொண்டு நான் வெளியே நிற்கும்போதுதான். "பயப்படாதீங்க, காத்து வரும், எல்லா பட்டனையும் அமுக்காதீங்க" என்று கதவிடுக்கில் ஆரம்பித்து அவர்கள் பிள்ளைகளின் படிப்பு வரைக்கும் போய்விடுவேன். கதவு திறந்ததும் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போனால் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் சத்தம் போடும். இப்படி ஒரு வாரம் முழுக்க ஓட்டினால் சனிக்கிழமை வரும், மைத்துனனின் கார் வரும்.

இந்த வாரம் அதற்கும் ஆபத்து. அடுத்த சீசனுக்கு எங்கள் இரண்டு இருக்கைகளையும் புதுப்பிக்கச் சொல்லி கிளப்பிலிருந்து செய்தி வந்திருந்தது. "போட்டுடலாமா மாப்ள?" என்று அவனுக்கு அனுப்பியிருந்தேன். பார்த்துவிட்டான் என்று செல்போன் சொன்னது, பதில்தான் வரவில்லை. இன்று பக்கத்தில் உட்கார்ந்து முழு ஆட்டமும் பார்த்தோம், அப்போதும் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கேட்டால்தானே இல்லை என்பான்.

இரண்டு கோல் போட்டு ஜெயித்தோம். மொட்டைமாடியில் வண்டிகள் ஒன்றன் முதுகில் ஒன்று ஒட்டி நின்றன. மைத்துனன் எஞ்சினை அணைத்தான். எனக்கு உள்ளுக்குள் விருந்துக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஆட்டத்தை அலசுவதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. மொட்டைமாடியில் கோல்கீப்பர். மூன்றாம் தளத்தில் டிஃபென்ஸ். இரண்டாவதில் மிட்ஃபீல்டு. முதல் தளத்தில் கோல் அடிக்க வேண்டியவர்கள். தரைத்தளத்தில் கோச்சும் ரெஃப்ரியும், ஏனென்றால் அவர்களைத் திட்டிக்கொண்டே வெளியேறுவது உடம்புக்கு நல்லது. வண்டி அடுத்த தளத்துக்கு இறங்காமல் அடுத்த வரிசையைத் தொடக்கூடாது.

"பூட்டு இன்னைக்கு ரெண்டு நல்ல சேவ் மாமா" என்று அவன் ஆரம்பித்தான். எங்கள் கோல்கீப்பருக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு. சாவி எதிரணியிடம் இருக்கிறது என்பது என் கருத்து.

"பந்து வந்து அவன் மேல மோதுச்சு. அதுக்குப் பேரு சேவ்னா சுவரும் கீப்பர்தான்."

"ஜெயிச்ச நாள்லயும் திட்டணுமா மாமா?"

"ஜெயிச்ச நாள்லதான் மாப்ள திட்டணும். தோத்த நாள்ல அவனுங்களப் பெத்தவங்களே திட்டிடுவாங்க, நமக்கு வேலை இருக்காது."

அவன் சிரித்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன். நாள் முழுக்க "இது உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லிச் சொல்லி அவன் சிரிப்பில் ஒரு மரியாதை படிந்துவிட்டது. ஒரு காதில் இயர்போன் தொங்கியது. ஆட்டம் முழுக்க அது அவன் காதில்தான் இருக்கும். கமென்டரி கேட்கிறான், என்ன ஒரு ஈடுபாடு என்று நான் நினைத்துக்கொள்வது வழக்கம்.

வரிசை நகர்ந்தது. மூன்றாம் தளம். தூண்களுக்கிடையே சாயங்கால வெயில் பட்டை பட்டையாக விழுந்தது. எங்கேயோ ஒருவன் ஹார்னிலேயே அணியின் கோஷத்தை அடித்தான்.

"இஸ்திரி பின்னிட்டான் மாமா" என்றான் மைத்துனன். "இடது பக்கம் பூரா அவன் ராஜ்யம்."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

இஸ்திரி எங்கள் இடது பக்க டிஃபென்டர். கோட்டோரமாகவே மேலும் கீழும் ஓடிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். தலைமுடியைக் குதிரைவால் போலக் கட்டியிருப்பான். இன்று ஆட்டம் தொடங்குவதற்கு முன், உடம்பைச் சூடாக்க ஓடும்போதே தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி உள்ளே போய்விட்டான். அவனுக்குப் பதில் இறங்கியவன் ஒரு புதுப் பையன், மொட்டைத்தலை. வெயிலில் அந்தத் தலை அடித்த பளபளப்பு எங்கள் வரிசையில் இருந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்தது.

"இஸ்திரியா?" என்றேன்.

"ஆமா. சரியான ஃபார்ம்ல இருக்கான்."

கதவுப் பக்கத்துப் பையில் அவன் செல்போன் கிடந்தது. ஆட்டத்துக்கு முன்பே வெளியான அணிப் பட்டியலை அதில் பார்த்திருப்பான். பட்டியலில் இஸ்திரி இருந்தான். புல்லில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மைத்துனன் புல்லைப் பார்க்கவே இல்லை.

தவறிச் சொல்லியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு சின்னச் சோதனை வைத்தேன்.

"அந்தக் கார்னர்ல தலையால வெளிய தள்ளினானே, இஸ்திரி. பாத்தியா?"

"செம மாமா! நான் எந்திரிச்சே நின்னுட்டேன்."

அப்படி ஒரு கார்னர் நடக்கவில்லை. இரண்டாம் தளத்துக்கு இறங்கினோம். மிட்ஃபீல்டில் எங்கள் தபால்காரர் இருக்கிறார், அருமையாகப் பந்தைக் கொண்டுபோய்த் தவறாமல் அடுத்த வீட்டில் போடுகிறவர். அவர் இன்று நடுக்கோட்டிலிருந்து அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதாகக் கதை விட்டேன். "அய்யோ, நூலிழை மாமா" என்று தொடையில் தட்டிக்கொண்டான். எனக்குக் கை துறுதுறுத்தது. இரண்டாவது பாதியில் ஒரு நாய் மைதானத்துக்குள் ஓடிவந்ததாக அடுத்ததை எடுத்துவிட்டேன்.

"சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுருச்சு மாமா" என்றான்.

"கறுப்பு நாய்."

"ஆமா, கறுப்பு."

"ரெஃப்ரி அதுக்கு மஞ்சள் கார்டு காட்டினது கொஞ்சம் ஓவர்."

முன் வண்டியின் பிரேக் விளக்கு அவன் முகத்தில் சிவப்பாக விழுந்தது. பரீட்சையில் தெரியாத கேள்வி வந்தால் பிள்ளைகள் முகம் எப்படி ஆகும், அப்படி ஆகியிருந்தது. "அவர் எப்பவுமே அப்படித்தான் மாமா" என்றான் மெல்ல.

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் இப்படித்தான் இருப்பார்கள். வெளியிலிருந்து மெக்கானிக் என்ன சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்பார்கள். என் மொக்கை ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கதவு திறக்க வேண்டுமே!

எத்தனை நாளாக என்று யோசித்தேன். போன மாதம் 'முதலாளி'யைப் பற்றி, அதுதான் கோல் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் எங்கள் முன்னணி ஆட்டக்காரன், மைத்துனன் ஒரு அழகான கருத்துச் சொன்னான். "அவன் ஓடாம இருக்கறதே ஒரு உத்தி மாமா." ராத்திரி முழுக்க அதை வியந்தேன். மறுநாள் அதே வாக்கியத்தை விளையாட்டுச் செய்தியில் படித்தபோது, நம் பையன் சொன்னதை எழுதியிருக்கிறார்களே என்று பெருமைப்பட்டேன். புத்திசாலி என்று என்னை யாரும் சொன்னதில்லை, அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆட்டம் பிடிக்காத ஒருவன், மேட்ச் உள்ள சனிக்கிழமைதோறும் வெயிலில் உட்கார்ந்து, வீட்டுப்பாடம் செய்துகொண்டு வந்து, எனக்காக ஒப்பித்திருக்கிறான். புதுப்பிக்கிற செய்திக்கு எப்படிப் பதில் போடுவான், பாவம். 'வேண்டாம்' என்றால் மாமா தனியாகிவிடுவார். 'சரி' என்றால் இன்னொரு வருஷம் உள்ளே.

முதல் தளம் வந்தது. முறைப்படி முதலாளியைத் திட்ட வேண்டிய இடம். இரண்டு கோலும் அவன் அடித்தவைதான். திட்ட நிறைய இருந்தது.

"மாப்ள, அந்த சீட் விஷயம்" என்றேன்.

அவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். "சொல்லணும்னுதான் மாமா... கொஞ்சம் வேலைல..."

"புதுப்பிக்க வேணாம்னு பாக்கறேன். முழங்கால் படுத்துது. அந்தப் படி எல்லாம் ஏறி எறங்க முடியல."

என் முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. லிஃப்ட் நின்றுபோன கட்டடங்களில் மாடி மாடியாகப் படியேறிப் போகிறவன் நான்.

"நெஜமாவா மாமா?" என்றான். குரல் ஒரு படி மேலே போய்விட்டது. அதை அவசரமாகக் கீழே இறக்கி, "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று சேர்த்துக்கொண்டான். நல்ல பிள்ளை.

"காட்டணும். டிவில பாத்துக்கறேன். அதுல ரீப்ளே எல்லாம் வருது."

"அப்போ சனிக்கிழமை மத்தியானம் நான்..." என்று நிறுத்தினான்.

"நீ?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுடா."

முன் வண்டி நகர்ந்தது. அவன் நகர்த்தவில்லை. பின்னாலிருந்து இரண்டு ஹார்ன் வந்தது.

"பாடறேன் மாமா."

"யாரு? நீயா?"

"குழுவா பாடறோம். பதினஞ்சு பேரு. கடை பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல. சனிக்கிழமைதான் பயிற்சி." அவன் வண்டியை எடுத்தான். "மேட்ச் இருக்கற வாரம் போக முடியாது. டீச்சர் திட்டுவாங்க. அதான் பதிவு பண்ணி எடுத்துட்டு வந்து..." காதோரம் தொங்கிய இயர்போனைத் தொட்டுக் காட்டினான்.

கமென்டரி!

தரைத்தளத்தில் கோச் தப்பித்தார், ரெஃப்ரியும் தப்பித்தார். மைத்துனன் பேச ஆரம்பித்துவிட்டான். இத்தனை வருஷத்தில் அவன் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அந்தக் குழுவில் ஒரு பேக்கரிக்காரர் இருக்கிறாராம், குரல் இடி மாதிரி, ஆனால் ஆள் முன்னால் நின்றால் அழுதுவிடுவாராம். டீச்சர் கோபம் வந்தால் பியானோ மூடியைப் படாரென்று சாத்துவாராம். ஒரு தடவை தன் விரலையே சாத்திக்கொண்டு, அந்த வலியிலும் சுதி பிசகாமல் கத்தினாராம். எனக்கு வயிறு குலுங்கியது. இவ்வளவு வேடிக்கையான ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் பூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அடுத்த மாசம் நிகழ்ச்சி மாமா. பெரிய மண்டபம். நீங்க..." என்றவன் சட்டென்று முன் வண்டியைப் பார்த்தான். "அக்கா வரேன்னு சொல்லியிருக்கா."

"பின்ன, அக்கா வராம எப்படி" என்றேன். "எனக்கும் முழங்கால் இருக்கே."

வாசல் தடுப்பு உயர்ந்தது. வெளியே வந்தால் சாலை துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. முதல் சிக்னல் பச்சை. சிவப்பாகட்டும் என்று முறைத்தேன். அடுத்ததும் பச்சை. பேக்கரிக்காரர் கதை பாதியில் இருக்கும்போதே என் தெரு வந்துவிட்டது. குறுகலான தெரு. மைத்துனன் என் கட்டட வாசலில் வண்டியை நிறுத்தினான், எஞ்சினை அணைக்கவில்லை.

"உன் பாகம் எது? ஒரு வரி பாடேன்" என்றேன்.

"அது தனியா கேட்டா ஒண்ணும் புரியாது மாமா. நாங்க கீழ் குரல். மத்தவங்க மேல பாடினாத்தான் பாட்டாகும்."

"பரவால்ல, பாடு."

கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாடினான். உண்மையில் அது பாட்டாக இல்லை. ஒரே இடத்தில் நின்று, கொஞ்சம் இறங்கி, மறுபடி அதே இடத்தில் நின்றது. நடுவில் வேறு யாரோ பாட வேண்டிய இடத்தில் நிறுத்தி, விரலால் ஸ்டியரிங்கில் தாளம் தட்டிக் காத்திருந்தான். பிறகு தொடர்ந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆட்டம் பார்க்கும்போது ஒருநாளும் அந்த நரம்பை நான் பார்த்ததில்லை.

முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். "எப்படி மாமா?"

பின்னால் வந்து நின்ற வண்டி ஹார்ன் அடித்தது.

"அந்த நடுவுல நிறுத்தினியே, அங்க மத்தவங்க என்ன பாடுவாங்க?" என்று கேட்டேன், சீட் பெல்ட்டைக் கழற்றாமல்.