ஓவர்ரனுக்கு மூன்றாவது பொருள்

முப்பது வருடம் அகராதி அலுவலகத்தில் சொற்களை நிறுத்துப் பார்த்தவர் அவர். மகள் தன் விருப்பப்படி மணம் முடித்த நாள் முதல் அவள் வாசலை மிதிக்கவில்லை. முறையாக அழைக்காத வீட்டுக்குப் போவது அவர் பரம்பரையில் இல்லை. மருமகனிடமிருந்து முதன்முதலாக வந்த செய்தியோ ஒரே வரி: "வீடு ஓவர்ரன். வாங்க மாமா."

"பாத்தியா? ஓவர்ரன்னா இங்கிலீஷ்ல வரம்பு மீறுறது. நம்ம பொண்ணு மீறினதைக் குத்திக் காட்டுறான்!" என்றார் மனைவியிடம்.

"வேற அர்த்தமே கிடையாதா?"

"இருக்கு. படை புகுந்து ஊரைப் பிடிக்கிறது. எதுவானாலும் நமக்குத்தான் தலைகுனிவு."

"இரட்டைப் பிள்ளை பெத்து நாப்பது நாள்கூட ஆகல. அவ வீட்டுல எந்தப் படை புகும்? நீங்க அகராதியைக் கட்டிக்கிட்டு அழுங்க. நான் கிளம்புறேன்."

"இரு, நானும் வரேன். நேர்லயே கேட்டுடறேன்."

கஞ்சி போட்ட சட்டை மடங்காமல் நடந்தார். கதவைத் திறந்த மருமகனின் தோளில் ஒரு குழந்தை. காலில் ஜோடி மாறிய செருப்பு. உள்ளே நாற்காலி முதுகில், ஜன்னல் கம்பியில், புத்தக அலமாரியில் எங்கும் ஈரத்துணி. உட்கார இடமில்லை. தலை வாராமல் நின்ற மகளின் கையில் இன்னொன்று வீறிட்டது.

மனைவி நேரே உள்ளே போனாள். அவர் வாசல்படிக்கு வெளியிலேயே நின்றார். "என்ன பொருள்ல எழுதினீங்க?"

மருமகன் விழித்தான். "கைமீறிப் போச்சு மாமா. ஆனா அந்த வார்த்தை என்னுது இல்ல..."

"நான்தான் எழுதச் சொன்னேன்ப்பா," என்றாள் மகள். "வெறுமனே வாங்கன்னா வரமாட்டீங்க. வார்த்தையைத் திருத்தவாவது வருவீங்கன்னு நெனச்சேன்."

அவர் தொண்டையைச் செருமினார்.

"தப்பான பிரயோகம்," என்றபடி செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து இரு கைகளையும் நீட்டினார். "அழுறதைக் கொடு."

தோளில் போட்டதும் அழுகை அடங்கியது. அடுத்த நொடி, குடித்த பாலெல்லாம் கஞ்சி போட்ட சட்டையில் இறங்கியது.

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சிரிப்பை அடக்கினாள். "இப்பச் சொல்லுங்க, ஓவர்ரனுக்குத் தமிழ்ல என்ன?"

துடைக்கத் துணி தேடாமல், குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நிரம்பி வழியுது."