நூறு டன் தூக்கம்

காக்களூர் தொழிற்பேட்டையில் இருக்கும் நூறு டன் பவர் பிரஸ் ஓடினால்தான் தன் மகனுக்குத் தூக்கம் வரும், அது நின்றால் முழித்துக்கொள்வான் என்று பென்னி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். டீக்கடையில் சொன்னான். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் செருப்புத் தேடும் இடத்தில் சொன்னான். சென்ட்ரல் போகிற மின்சார ரயிலில் முன்பின் தெரியாத ஓர் ஆளைப் பிடித்து, அவர் ஆவடியில் தப்பித்து இறங்கும்வரை சொன்னான்.

அந்த பிரஸ் லேசுப்பட்டதில்லை. ஓர் அடி அடித்தால் இரும்புத் தகடு கார் கதவின் கீலாகிவிடும். நாலு தெரு தள்ளிக் குழம்புச் சட்டியில் அலை எழும்பும். ஐந்தாவது தெருவில் பெரியவர் ஒருவருக்குப் பல்செட் கழன்று தட்டில் விழும். காக்களூர்க் காக்கைகள் அந்தச் சத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திருவள்ளூர் போய்க் கத்திவிட்டு வருவதாகக் கேள்வி. அந்த பிரஸ்ஸை ஒன்பது வருஷமாக ஓட்டுகிறவன் பென்னி. பிரஸ் இருக்கும் பட்டறையின் பின்சுவரும் அவன் குடியிருக்கும் வீட்டின் சுவரும் ஒரே சுவர்.

பென்னியின் மனைவி பிரின்சிக்கு இந்தப் பெருமையைக் கேட்கவே பிடிக்கவில்லை. மகன் ஜோஷ்வாவுக்கு மூன்றே கால் வயது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு குழந்தை மையத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கிருந்த டாக்டர் குழந்தையை மேசைமேல் உட்கார வைத்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார், அவன் திரும்பவில்லை. மேசையை ஓங்கித் தட்டினார், திரும்பினான். வீட்டில் என்ன செய்வான் என்று கேட்டார். சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு மணிக்கணக்காக நிற்பான் என்றாள் பிரின்சி. அதையும் எழுதிக்கொண்டார். பத்தே நிமிஷம். காது நன்றாக இருக்கிறது, இது ஆட்டிசம், திங்கட்கிழமையிலிருந்து மையத்தின் முழுநேர வகுப்பில் சேர்த்துவிடுங்கள் என்று கையில் தாளைக் கொடுத்துவிட்டார்.

பிரின்சிக்கு மனசு ஒப்பவில்லை. பையன் அவள் கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறான். தண்ணீர் வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குடத்தைக் காட்டுகிறான். முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால்தான் கல்லாக நிற்கிறான்.

"ந்தா, அவனுக்குக் காதுதான் கேக்கல," என்றாள் புருஷனிடம்.

"இன்னாமே பேசிக்கினு இருக்கிற? மெஷின் நின்னா டக்குனு எழுந்துக்கிறான். காது கேக்காதவனுக்கு மெஷின் நின்னது எப்டி தெரியும்? நீயே சொல்லு."

அந்த ஒரு கேள்வியையே அவள் ராத்திரி பகலாக யோசித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். திருவள்ளூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை காது டெஸ்ட். காது சரி என்று வந்துவிட்டால் திங்கட்கிழமை வகுப்பு. அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கக் கூடாது.

அந்த டெஸ்ட்டுக்குக் குழந்தை தூங்க வேண்டும். தலையில் ஒயர் ஒட்டி, காதுக்குள் 'டிக் டிக்'கென்று சத்தம் விடுவார்கள். சத்தம் மூளைக்குப் போய்ச் சேர்ந்தால் திரையில் அலை வரும். முழித்துக்கொண்டு ஆடினால் ஒன்றும் வராது.

டெஸ்ட் செய்கிற நர்மதா மேடம் பத்தரை மணிக்கு ஒரு மூடி தூக்க மருந்து கொடுத்தார். ஜோஷ்வா அதை வாயிலேயே அடக்கி வைத்திருந்து, அவர் குனிந்தபோது அவருடைய வெள்ளைக் கோட்டின்மேல் துப்பினான். இரண்டாவது தடவை கொடுக்க அனுமதியில்லை. பிரின்சி தோளில் போட்டுத் தட்டினாள். மடியில் போட்டாள். நின்றாள், நடந்தாள். அந்த அறைக்குள் அவள் நடந்த நடையை நீட்டிப் போட்டிருந்தால் கும்மிடிப்பூண்டி தாண்டி ஆந்திராவுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். மணி பன்னிரண்டு. பையன் கட்டில்மேல் நின்று குதித்தான்.

"ஒரு மணிக்கு ரூம் அடுத்தவங்களுக்கும்மா," என்றார் நர்மதா. "இன்னைக்கு முடியலன்னா அடுத்த தேதி ஆறு வாரம் கழிச்சுத்தான்."

ஆறு வாரம். அதற்கு முன்னால் திங்கட்கிழமை வந்துவிடும்.

மூலையில் நின்றிருந்த பென்னி தொண்டையைக் கனைத்தான். "மேடம், எம்புள்ள மெஷின் ஓடுனாதான் தூங்குவான். நிறுத்துனா எழுந்துக்குவான்."

"என்ன மெஷின்?"

"நூறு டன் பிரஸ்ஸு."

நர்மதா பேனாவைக் கீழே வைத்தார். "அப்பா, பதினோரு வருஷமா நான் குழந்தைங்களைத் தூங்க வச்சிட்டிருக்கேன். கதை விடாதீங்க."

"நாப்பது பேரு பாத்துருக்காங்க மேடம். வேணும்னா போன் போட்டுத் தர்றேன்."

"நான் பாக்கலையே."

"மெஷினைத் தூக்கியாற முடியாது. கட்டிலைத் தட்டிக் காட்டவா?"

"பக்கத்து ரூம்ல இன்னொரு குழந்தைக்கு டெஸ்ட் நடக்குது. துளி சத்தம் வந்தாலும் வெளிய அனுப்பிடுவேன்."

பென்னி தோளில் கிடந்த துண்டை எட்டாக மடித்தான். கட்டில் சட்டத்தின்மேல் வைத்து, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஒரு குத்து விட்டான். பிரஸ் அடிக்கிற அதே கணக்கு: ஒன்றரை நொடிக்கு ஒன்று, நிமிஷத்துக்கு நாற்பது. செத்துப் பெட்டியில் வைத்தாலும் பென்னியின் கை அந்தக் கணக்கில்தான் ஆடும்.

குதித்துக்கொண்டிருந்த ஜோஷ்வா நின்றான். உட்கார்ந்தான். மெத்தையில் கன்னத்தை வைத்துப் படுத்தான். மூன்றாவது நிமிஷம் கண் சொருகியது.

நர்மதா சட்டென்று ஒயர்களை எடுத்து ஒட்ட ஆரம்பித்தார்.

பிரின்சி மூச்சை அடக்கிக் கேட்டாள். ஏசி ஓடுவது கேட்டது. சுவர்க் கடிகாரத்தின் முள் கேட்டது. பென்னியின் கை மட்டும் கேட்கவில்லை. துண்டு அத்தனை சத்தத்தையும் விழுங்கியிருந்தது. பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் இன்னும் கொஞ்ச நேரம் தன் வெற்றியில் சிரித்தபடி குத்திக்கொண்டிருந்தான். பிறகு அவன் பார்வை துண்டுக்குப் போனது. அங்கிருந்து கட்டிலுக்கு, மெத்தையில் ஒட்டியிருந்த கன்னத்துக்கு. சிரிப்பு நின்றது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவன் கை ஓர் அடியைத் தவறவிட்டது.

"பிரின்சி," என்றான். "சத்தமே இல்லமே."

"தெரியுது. நிறுத்தாத. அடி."

ஒயர் ஒட்டி முடிந்ததும் நர்மதா கையைக் காட்டினார். கட்டில் ஆடினால் பதிவாகாது. பென்னி நிறுத்தினான். திரையில் கோடு ஓடத் தொடங்கியது. இரண்டு நிமிஷம் ஆனது. ஜோஷ்வாவின் இமை துடித்தது, கால் அசைந்தது, கண் பாதி திறந்தது.

"அடிங்கப்பா, அடிங்க," என்றார் நர்மதா, கிசுகிசுப்பாக.

அடித்தான். கண் மூடியது. நிறுத்தினான். கோடு ஓடியது. கண் திறந்தது. அடித்தான். வலது காது முடிந்து இடது காது வருவதற்குள் பென்னியின் கை பூரி போல உப்பி, துண்டில் ரத்தம் கசிந்தது. கை மாற்றச் சொல்லி பிரின்சி சைகை காட்டினாள். இடது கைக்கு அந்தக் கணக்கு வராது என்று தலையாட்டினான். ஒரு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். நர்மதா எழுந்துபோய் ஒரு விரலிடைக்குத் திறந்து, முறைத்தே அனுப்பிவிட்டு வந்தார். ஒன்று நாற்பதுக்குக் கடைசிக் கோடு நின்றது.

தாள் வெளியே வந்தது. அதில் மேடும் பள்ளமுமாக இருக்க வேண்டிய இடமெல்லாம் காக்களூர் ஏரித் தண்ணீர் மாதிரி தட்டையாகக் கிடந்தது.

"எழுபது டெசிபல் சத்தத்துல ஒண்ணுமில்ல," என்றார் நர்மதா, விரலால் காட்டி. "தொண்ணூறுல லேசா ஒரு மேடு. ரெண்டு காதும் இப்படித்தான். நாம பேசுறது எதுவும் இதுவரைக்கும் அவனுக்குப் போய்ச் சேரல."

"மையத்துல மேசையைத் தட்டுனப்போ திரும்புனானே மேடம்," என்றான் பென்னி. கடைசியாகப் பிடித்துக்கொள்ள அவனிடம் அது ஒன்றுதான் மிச்சம்.

"அப்போ எங்க உக்காந்திருந்தான்?"

"மேசைமேலதான்," என்றான் பென்னி. "அந்த அதிர்வுதான் அவன் உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் நர்மதா.

"திங்கக்கெழம வகுப்பு?" என்றாள் பிரின்சி.

"கேக்காத குழந்தையைக் கூப்பிட்டுப் பாத்துட்டு எழுதின தாள்மா அது. முதல்ல காதுக்கு மெஷின் வைக்கணும், பேச்சுப் பயிற்சி ஆரம்பிக்கணும். அது போதலன்னா ஆபரேஷன் இருக்கு. மத்ததெல்லாம் அவனுக்குக் கேக்க ஆரம்பிச்ச பிறகு பாத்துக்கலாம். நல்லவேளை, இன்னும் வயசு இருக்கு."

பிரின்சி பையனின் நெற்றியில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவள் கண்ணீர் அங்கேயே விழுந்தது; மறுபடி துடைத்தாள்.

பென்னி சுவரோரமாகக் குந்திவிட்டான். "ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேனேம்மே. புள்ள செவுத்தைக் கட்டிக்கினு நின்னுக்கினு இருந்தான். நான் பெருமையடிச்சிக்கினு இருந்தேன்."

"எழுந்து கையைக் கழுவு," என்றாள் பிரின்சி. "ரத்தம் ஒழுவுது."

கதவைத் திறந்துகொண்டு காது டாக்டர் உள்ளே வந்தார். தாளைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். "மருந்தைத் துப்பிட்டான்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் எப்படித் தூங்கினான்?"

"அவங்கப்பா கட்டிலைக் குத்தினார் டாக்டர். அவர் ஓட்டுற பிரஸ் மெஷின் கணக்குல. குத்தினா தூங்கினான், நிறுத்தினா முழிச்சான்."

டாக்டர் சிரித்துவிட்டார். "நர்மதா, நீங்களுமா?"

நர்மதா சிரிக்கவில்லை. குந்தியிருந்த பென்னியை ஒரு தடவை பார்த்தார்.

"நானும் கதை விடுறார்னுதான் சொன்னேன். பதினாலு தடவை நிறுத்தினார், பதினாலு தடவையும் முழிச்சான். நடந்தது டாக்டர். நான் இங்கேயேதான் நின்னுட்டிருந்தேன்."