மயிலுக்கு இடம் விட்ட சிங்கம்

ஒரு வறுத்த மயிலுக்கு இடம் விடப்போய், ஒர்மோன் பிரபுவின் சிங்கத்தை நான் கோழையாக்கிவிட்டேன்.

பழியை நோன்புக் காலத்தின் மேல் போட எனக்கு ஆசைதான். உப்பு மீனும் பட்டாணிக் கஞ்சியுமாக நாளைத் தள்ளுகிறவனிடம் விருந்துக் காட்சியை வரையக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? பிரபுவின் ஜெபப் புத்தகத்தில் ஜனவரி மாதத்துக்கான பக்கம் அது. நீள மேசை, நடுவில் பிரபு, முன்னால் கப்பல் வடிவ உப்புக் கிண்ணம், பக்கத்தில், வறுத்த பிறகு தோகையைத் திரும்பப் பொருத்திய மயில். வரைய வரைய மயில் கொழுத்துக்கொண்டே போனது. பிரபுவின் தலைக்குப் பின்னால் தொங்கும் நீலத் திரையில் அவருடைய குலச்சின்னமான பொன் சிங்கம் வாலை மேலே சுழற்றி நிற்க வேண்டும். அதற்குள் தோகை அங்கே போய்விட்டிருந்தது. நான் வாலைக் கீழே இறக்கிப் பின்னங்கால்களுக்கு நடுவே செருகிவிட்டேன்.

அப்படி நிற்கும் சிங்கத்துக்கு எங்கள் தொழிலில் கோழைச் சிங்கம் என்றே பெயர்.

என் மனைவி பெர்நெல் அதன் மேல் பொன் தகடு ஒட்டி, நாய்ப்பல்லால் தேய்த்து மெருகேற்றி, நான் நீலமும் பூசி முடித்த பிறகு, இன்று காலை கேட்டாள்:

"ஏங்க, இந்தச் சிங்கம் யாரைப் பாத்து இப்படிப் பயந்து நிக்குது?"

"எங்க?"

"மயில் மேலேர்ந்து கண்ணை எடுத்தாத் தெரியும்."

எடுத்தேன். தூரிகையைக் கீழே வைத்தேன்.

"நீதானே பொன் ஒட்டினே? அப்பவே சொல்லக் கூடாதா?"

"நான் போடற கோட்டுல தலையிடாதேன்னு போன வாரம் வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சது யாரு?"

நான்தான்.

நண்பகலில் பிரபுவின் கொடியையும் சின்னத்தையும் கவனித்துக்கொள்ளும் கட்டியக்காரர் பக்கத்தைப் பார்வையிட வருகிறார். சுரண்டி மறுபடி பொன் ஒட்ட அவகாசமில்லை. வேறு பிரபுவாக இருந்தால் தலையைச் சொறிந்து சமாளிக்கலாம். ஆனால் போன இலையுதிர் காலத்துப் போரில் இவர் குதிரையைத் திருப்பிக்கொண்டு ஓடினார் என்று பாரிஸ் முழுக்கக் கிசுகிசு. அது பொய்யென்றால் சிரித்துவிட்டுப் போவார். மெய்யென்றால், தெருப் பேச்சைப் பொன்னில் எழுதிவிட்டேன் என்பார். அதன் பிறகு எந்த மாளிகையிலிருந்தும் எங்களுக்கு ஒரு பக்கமும் வராது. நான் சத்திரங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைப்பேன்; பெர்நெல்லின் கைக்கு அங்கே என்ன வேலை?

அவர் ஓடினாரா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். படைவீரர்கள் புழங்கும் கடை என்பதால் ஒயின் விற்கும் ஒதீனிடம் ஓடினேன்.

"ஏம்ப்பா, ஒர்மோன் பிரபு ஓடினாரா?"

"குதிரை ஓடுச்சுங்கறாங்க."

"அவரு அது மேலதானே உக்காந்திருந்தாரு?"

"நான் எங்கய்யா பாத்தேன்? இங்க பீப்பாய் கழுவிக்கிட்டிருந்தேன். நீ குடிக்க வந்தியா, வம்பு கேக்க வந்தியா?"

வீட்டுக்குத் திரும்பினேன். உட்கார்ந்தேன், எழுந்தேன். ஜன்னலைத் திறந்தேன், சாத்தினேன்.

"ஒண்ணு உக்காருங்க, இல்லே எங்கியாவது போங்க. நீங்க நடக்கிற நடையில வண்ணக் கிண்ணமெல்லாம் ஆடுது."

"அவர் ஓடியிருப்பாரா, பெர்நெல்?"

"ஓடினா என்ன, ஓடாட்டி என்ன? கத்தியைத் தீட்டி வெச்சிருக்கேன்."

எனக்குத்தானோ என்று ஒரு கணம் திக்கென்றது. சிங்கத்தைச் சுரண்டத்தான்.

நண்பகல் மணி அடித்தது. கட்டியக்காரர் கிஸ்லேன் வந்தார். நரைத்த மனிதர். அவருடைய மேலங்கியில் அதே சிங்கம், வாலைக் கம்பீரமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் பக்கத்தை விரித்து, தற்செயலாக வைப்பதுபோல் சிங்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.

"மயிலைப் பாருங்க ஐயா. அலகுக்குக்கூடப் பொன்தான்."

"கையை எடுப்பா."

எடுத்தேன். அவர் பக்கத்தைப் பார்த்தார். குனிந்து தன் மார்பைப் பார்த்தார். மறுபடி பக்கத்தைப் பார்த்தார். நானே முந்திக்கொண்டேன்.

"பசிங்க ஐயா, வேற ஒண்ணுமில்ல. பிரபுவைப் பத்தி ஊர்ல பேசிக்கறது எதுவும் எனக்குத் தெரியாது."

பின்னால் பெர்நெல் கையிலிருந்து ஏதோ கீழே விழுந்தது.

"என்ன பேசிக்கறாங்க?"

இனி மறைத்து என்ன? "அவரு... நெசமாவே ஓடினாராங்க?"

கிஸ்லேன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அடையாளம் சொல்லி நான் வரைந்த பிரபுவின் படைவீரர்கள்தான் படத்தில் அந்த மேசையைச் சுற்றி இருந்தார்கள். செம்பட்டைத் தாடிக்காரன், ஒற்றைக் கண்ணன், காது அறுந்தவன் என்று ஒவ்வொருவரிடமும் அவர் விரல் நின்று நகர்ந்தது.

"ஓடினார். கொடியைச் சுருட்டி அக்குள்ல வெச்சுக்கிட்டு நானும் பின்னாடியே ஓடினேன். 'திரும்புங்கடா, வீட்டுக்குப் போங்கடா'ன்னு அவர் அன்னிக்குக் கத்தலேன்னா, இந்த மேசையில உக்கார ஒருத்தனும் இருந்திருக்க மாட்டான். அவர் கண்ணுல படறதுக்குள்ள வாலைத் தூக்கி விடு. மயில் கொஞ்சம் இளைக்கட்டும். நீ முடிக்கிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."